உப்பு வாயிலும் உயிர்க்கலமும்

எலுமிச்சங்காயை நான்காகக் கீறி, உப்பைத் திணித்து, சாடியிலிட்டு மூடிவைக்கும் தாய்மார் மறுநாட் காலையிற் காண்பது என்ன? ஒரு துளி நீரும் விடாத சாடியின் அடியில் நீர் ஊறி நிற்கிறது. காயோ சுருங்கித் துவண்டு கிடக்கிறது. பாயசத்திற்கென எடுத்து நீரிலிட்ட உலர்ந்த திராட்சை இதற்கு மாறாக, சிறிது நேரத்திற்குள் பருத்து உருண்டு விடுகிறது. ஒன்றிலிருந்து நீர் வெளியேறியது. மற்றொன்றினுள் நீர் புகுந்தது. உப்போ சர்க்கரையோ செறிந்திருக்கும் பக்கத்தை நாடி நீர் செல்லும் என்னும் இயற்கை விதியே இவ்விரண்டிற்கும் காரணமாகும்.

இவ்விதி சமையலறையோடு நின்றுவிடுவதில்லை. நமது உடல் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி உயிர்க்கலங்களால் ஆயது. ஒவ்வொரு கலமும் உப்புக்களும் புரதங்களும் கரைந்த நீரைக் கொண்ட நுண்ணிய பை. அதனைச் சூழ்ந்திருப்பதும் உப்பு நீரே. அப்படியாயின் திராட்சையைப் போல இக்கலங்கள் பருத்து வெடிக்காதது ஏன்? ஊறுகாயைப் போலச் சுருங்கிப் போகாதது ஏன்?

பள்ளி மாணவன் ஒருவன் எழுப்பக்கூடிய எளிய வினாத்தான் இது. ஆயினும் இதற்கு விடை தேடுவதில் விஞ்ஞானிகளுக்கு நூறாண்டுகளுக்கு மேற் சென்றன. விடையின் முக்கியமான ஒரு பகுதி 2014 ஆம் ஆண்டிலேதான் கிடைத்தது. அவ்விடையின் நடுவே நிற்பது நாம் நாள்தோறும் உண்ணும் கறியுப்பின் ஒரு கூறாகிய குளோரைட்டு ஆகும். கறியுப்பு நீரிற் கரைந்ததும் சோடியம், குளோரைட்டு என இரு கூறுகளாகப் பிரிகிறது. மின்னேற்றம் பெற்ற இக்கூறுகளை அயன்கள் என்பர். சோடியம் நேரேற்றமுடையது, குளோரைட்டு மறையேற்றமுடையது. இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் மேலே வரும் கதை எளிதில் விளங்கும்.

சுவரில்லாத வீடு

1748 ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டு விஞ்ஞானி நொலே என்பவர் ஒரு பாத்திரத்தில் மதுசாரத்தை நிரப்பி, அதன் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பைத் தோலால் இறுகக் கட்டி, நீருக்குள் அமிழ்த்தி வைத்தார். வெளியிலிருந்த நீர் தோலினூடாக உட்சென்று, தோல் மேல் நோக்கிப் புடைத்தெழுந்தது. நீரின் இச்செலவைப் பிரசாரணம் என்று நமது பாடநூல்கள் கூறும்.

பிரசாரணத்தின் வலிமை சாமானியமானதன்று. கலத்தின் உள்ளும் புறமும் கரைந்துள்ள பொருட்களின் செறிவில் நூற்றுக்கு ஒரு பங்கு வேறுபாடு ஏற்படின், அதனால் எழக்கூடிய அழுத்தம் ஏறக்குறைய 55 மில்லிமீற்றர் இரசம் ஆகும். மருத்துவர் நமது கையிற் பட்டி கட்டிப் பார்க்கும் குருதியழுத்தத்தின் மேலெண்ணிலே இது கிட்டத்தட்ட அரைவாசி. மரஞ்செடிகளின் கலங்களுக்கு இவ்வழுத்தத்தைத் தாங்க வலிய கலச்சுவர் உண்டு. வாடிய கீரை நீர் தெளித்ததும் நிமிர்ந்து நிற்பது, நீர் உட்புகுந்து சுவரை இறுக்கித் தள்ளுவதனாலேதான். விலங்குகளின் கலங்களுக்கு அத்தகைய சுவரில்லை. கொழுப்பினாலான மிக மெல்லிய மென்சவ்வு ஒன்றே அவற்றின் எல்லை. அச்சவ்வு நூற்றுக்குச் சில பங்கு மட்டுமே இழுபடும். அதற்கு மேல் இழுத்தாற் கிழிந்து விடும்.

குருதியிலுள்ள செங்குழியங்களை உப்பற்ற தூய நீரிலிட்டால், அவை விரைவிற் பருத்து வெடித்து நீரைச் சிவப்பாக்கி விடுகின்றன. நோயாளரின் நாளத்தினுள்ளே வெறும் நீரை ஏற்றாது, இலீற்றருக்கு 9 கிராம் உப்புக் கரைந்த நீரை ஏற்றுவதன் காரணமும் இதுவே. அவ்வளவு உப்பு இருக்குமாயின், உள்ளும் புறமும் ஒத்திருக்கும். குழியம் வீங்கவும் மாட்டாது, சுருங்கவும் மாட்டாது.

கொழும்பிற் பிறந்த மேதை

உள்ளும் புறமும் ஒரே செறிவாக இருந்துவிட்டாற் கவலை தீர்ந்தது என்று நாம் எண்ணக்கூடும். ஆனால் அஃது அத்துணை எளிதன்று என்பதைக் கணித முறையாற் காட்டியவர் பிரெடரிக் ஜோர்ஜ் டொனன் என்பவர். இவர் 1870 ஆம் ஆண்டிலே நமது கொழும்பு மாநகரிற் பிறந்தவர். பெல்பாஸ்ற் நகரத்து வணிகர் ஒருவரின் மைந்தராகிய இவர், இளமையிலேயே அயர்லாந்துக்குச் சென்று அங்கு வளர்ந்தார். சிறு வயதில் ஏற்பட்ட விபத்தொன்றில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். ஆயினும் கல்வியில் மேம்பட்டு, லிவர்பூலிலும் பின்னர் இலண்டனிலும் இரசாயனப் பேராசிரியராக விளங்கி, 1956 இற் காலமானார்.

டொனன் 1911 ஆம் ஆண்டில் வெளியிட்ட மென்சவ்வுச் சமநிலைக் கொள்கை இதுதான். ஒரு சவ்வின் ஒருபுறத்தில், அச்சவ்வைக் கடக்க இயலாத பெரிய மூலக்கூறுகள் மின்னேற்றத்துடன் இருக்கின்றன என்று கொள்வோம். சிறிய அயன்கள் இருபுறமும் தடையின்றிப் போய் வரலாம். அப்போது அயன்கள் இருபுறமும் சமமாகப் பங்கிட்டுக் கொள்வதில்லை. பெரிய மூலக்கூறுகள் உள்ள பக்கத்திலே, அவற்றின் ஏற்றத்தை ஈடுசெய்யும் அயன்களும் சேர்ந்து, மொத்தத்தில் அப்பக்கமே கூடுதலான பொருளைக் கொண்டிருக்கும். பொருள் கூடிய பக்கத்தை நாடி நீர் வரும். நீர் வந்தால் மேலும் அயன்கள் வரும். அவற்றைத் தொடர்ந்து மேலும் நீர் வரும்.

உயிர்க்கலமோ வெளியேற முடியாத புரதங்களையும், மறையேற்றங்கொண்ட பிற பெரிய மூலக்கூறுகளையும் ஏராளமாகத் தன்னகத்தே வைத்திருக்கிறது. ஆகவே டொனன் கண்ட விதி தடையின்றி நடக்குமானால், விலங்குக் கலம் ஒவ்வொன்றும் வீங்கி வெடிப்பதற்கே பிறந்தது என்று ஆகும். வெடிக்காமல் அது வாழ்கிறது என்றால், இடைவிடாது ஏதோ ஒரு வேலை அங்கு நடைபெற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

இறைத்துக்கொண்டே இருக்கும் தோணி

அந்த வேலை என்னவென்று காட்டியவர் டென்மார்க் நாட்டவராகிய ஜென்ஸ் கிறிஸ்தியன் ஸ்கோ. இவர் நண்டின் நரம்புகளை ஆராய்ந்து, 1957 ஆம் ஆண்டில் ஒரு புரதத்தைப் பற்றிய முடிவை வெளியிட்டார். கலத்தின் சவ்விலே பதிந்துள்ள அப்புரதம், உணவாற் கிடைக்கும் சத்தியைச் செலவிட்டு, மூன்று சோடிய அயன்களை வெளியே தள்ளி, இரண்டு பொற்றாசிய அயன்களை உள்ளே எடுக்கிறது. சோடியம் எவ்வளவுதான் கசிந்து உள்ளே வந்தாலும், அதனை இந்தப் பம்பி மீண்டும் வெளியேற்றி விடும். நாம் ஓய்ந்திருக்கும் வேளையிலும் உடல் செலவிடும் சத்தியில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு இவ்வேலைக்கே போகிறது. இக்கண்டுபிடிப்பிற்காக ஸ்கோவுக்கு 1997 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

1960 ஆம் ஆண்டில் தொஸ்ரெசன், ஹொப்மன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர், செம்மறியாட்டின் செங்குழியங்களை ஆராய்ந்து, கசிவும் இறைப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்வதனாலேயே கலத்தின் பருமன் நிலைத்திருக்கிறது எனக் கணக்கிட்டுக் காட்டினர். சிறு ஓட்டையுள்ள தோணியிற் செல்லும் மீனவன் நீரை இறைத்துக்கொண்டே துடுப்பு வலிப்பதைப் போல என்று நாம் இதனை விளங்கிக்கொள்ளலாம். இறைப்பு நின்றால் தோணி அமிழும். குருதியோட்டம் தடைப்பட்டு ஒட்சிசன் கிடைக்காத உறுப்பு வீங்குவதும் இதனாலேயே; சத்தியின்றிப் பம்பி நின்று விடுகிறது.

ஆனால் தோணிக்கு எப்போதும் ஒரே அளவான ஓட்டை மட்டும் இருந்தாற்றான் இது போதும். திடீரென ஓர் அலை மேலெழுந்து தோணிக்குள் நீரைக் கொட்டினால் என்ன செய்வது? அளவுக்கு மீறி நீர் அருந்தும்போதும், சிறுகுடல் உணவை உறிஞ்சும்போதும், நோயினாற் குருதியில் உப்புக் குறையும்போதும் கலங்களுக்கு அத்தகைய அலை வருகிறது. அப்போது பம்பியின் மெதுவான வேலை போதாது. வேறொரு வழி வேண்டும்.

வீங்கிய கலம் மீளும் விதம்

அந்த வழியை ஆராய்ந்தவர்களுள் முன்னிற்பவர் டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்ஸ கே ஹொப்மன் அம்மையார். செம்மறிக் குருதியை ஆராய்ந்த ஹொப்மன் வேறு, இவர் வேறு. 1970 ஆம் ஆண்டுகளின் இறுதி தொடங்கி, சுண்டெலியின் ஒருவகைப் புற்றுநோய்க் கலங்களைக் கொண்டு இவரும் இவருடைய கூட்டாளிகளும் பல சோதனைகள் செய்தனர். கலங்களை உப்புக் குறைந்த நீரில் இட்டவுடன், ஓரிரு நிமிடங்களில் அவை பருக்கின்றன. ஆனால் பருத்தபடியே இருப்பதில்லை. சற்று நேரத்தில் மெல்ல மெல்லச் சுருங்கி, ஏறத்தாழப் பழைய அளவுக்கு மீண்டு விடுகின்றன. வெளியிலுள்ள நீரோ இன்னும் உப்புக் குறைந்ததாகவே இருக்கிறது. அப்படியிருந்தும் கலம் மீள்கிறதென்றால், அது தன் உள்ளே உள்ள பொருளைக் குறைத்துக்கொண்டது என்பதே பொருள்.

கலம் நீரைத் தனியே பிடித்து வெளியே தள்ள இயலாது. விலங்குக் கலத்தில் நீருக்கென ஒரு பம்பி இல்லை. பொருளை வெளியேற்றினால் நீர் தானாகவே அதன் பின்னே போகும். கலத்தினுள்ளே மிகுதியாக உள்ள அயன் பொற்றாசியம். எனவே கலம் பொற்றாசியத்தை வெளியே விடுகிறது. ஆனால் பொற்றாசியம் நேரேற்றமுடையது. அது மட்டும் வெளியேறினால், உள்ளே மறையேற்றம் எஞ்சி நின்று, மேலும் பொற்றாசியம் போகாதவாறு அதனைப் பின்னே இழுத்துப் பிடிக்கும். மறையேற்றமுடைய துணை ஒன்றும் கூடவே வெளியேற வேண்டும். அந்தத் துணைதான் குளோரைட்டு.

பல கலங்களிலே பொற்றாசியம் செல்வதற்கான சிறு வழிகள் ஓய்வு வேளையிலும் ஓரளவு திறந்தே கிடக்கின்றன. குளோரைட்டின் வழியோ பெரும்பாலும் மூடப்பட்டிருக்கிறது. கலம் வீங்கும்போதுதான் அது அகலத் திறக்கிறது. எனவே பொற்றாசியம் புறப்பட ஆயத்தமாக நின்றாலும், குளோரைட்டின் வாயில் திறந்தாலன்றிப் பயணம் தொடங்குவதில்லை. வீங்கிய கலம் மீளுமா, மீளாதா என்பதை முடிவு செய்வது அந்த வாயிலே. அளவு மீண்டதும் அது தானாக மூடிக்கொள்கிறது. எப்போதும் திறந்து கிடந்தால் கலம் தன் உப்பையெல்லாம் இழந்து விடுமல்லவா?

இவ்வாயில் வழியே குளோரைட்டு மட்டும் செல்வதில்லை. தோரீன் முதலிய சிறிய சேதனப் பொருட்களும் இதனூடாக வெளியேறுகின்றன. கலத்தின் வேலைக்கு அயன்களின் அளவு மிக முக்கியமாதலால், அவற்றை அளவுக்கு மீறி இழக்காமல், இத்தகைய பொருட்களையும் வெளியேற்றிக் கலம் தன் பருமனைச் சரிப்படுத்துகிறது.

வாயிலைத் தேடிய கதை

1988 ஆம் ஆண்டிலே அமெரிக்காவிலும் யப்பானிலும் ஆராய்ச்சியாளர், ஒரு கலத்தின் சவ்வினூடாகச் செல்லும் நுண்ணிய மின்னோட்டத்தை அளக்கும் முறையைக் கொண்டு, வீங்கிய கலத்திற் குளோரைட்டு ஓடுவதைத் தெளிவாகக் கண்டனர். பின்னர் ஆராய்ந்த முள்ளந்தண்டு விலங்குகளின் கலங்களிலெல்லாம், பெரும்பாலும் இவ்வோட்டம் காணப்பட்டது. ஓட்டம் இருக்கிறது, ஆயின் அது செல்லும் வாயிலாகிய புரதம் எது? அதுதான் அகப்படவில்லை.

1992 இல் ஒரு புரதத்தைச் சுட்டி, இதுவே அது என்றனர் சிலர். அதே ஆண்டில் வேறொரு குழுவினர் வேறொரு புரதத்தைச் சுட்டினர். 1997 இல் மூன்றாவது ஒன்று முன்வைக்கப்பட்டது. ஒவ்வொன்றும் பெயர்பெற்ற ஆராய்ச்சி ஏட்டில் வெளிவந்தது. ஆனால் மற்றையோர் அதே சோதனைகளைத் திரும்பச் செய்தபோது, அப்புரதத்தை நீக்கிய கலங்களிலும் குளோரைட்டு முன்போலவே ஓடியது. சுட்டப்பட்ட மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடப்பட்டன. பெயரும் புகழும் பெற்றோர் சொன்னதாயினும், சோதனைக்கு நில்லாததை விஞ்ஞானம் ஏற்பதில்லை என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

இறுதியில், ஊகித்துப் பார்ப்பதை விட்டு, ஒன்றும் விடாது தேடும் முறை கைக்கொள்ளப்பட்டது. மனிதக் கலத்திற் புரதங்களை ஆக்குவதற்கான பரம்பரை அலகுகள் ஏறத்தாழ 20,000 உண்டு. ஆராய்ச்சியாளர், மஞ்சள் ஒளி வீசும் ஒரு புரதத்தைக் கலங்களினுள்ளே ஆக்குவித்தனர். அயடைட்டு அயன் உட்புகுந்தால் அவ்வொளி மங்கும். குளோரைட்டு செல்லும் வாயிலால் அயடைட்டும் செல்லும். எனவே அக்கலங்களை அயடைட்டுக் கலந்த, செறிவு குறைந்த நீரிலிட்டால், கலம் வீங்கும், வாயில் திறக்கும், அயடைட்டு உட்செல்லும், ஒளி மங்கும். இனி, பரம்பரை அலகுகளை ஒவ்வொன்றாக அடக்கிவிட்டு இச்சோதனையைச் செய்ய வேண்டும். எதனை அடக்கியபோது ஒளி மங்காமல் நிற்கிறதோ, அதுவே வாயிலுக்குரியது. எளிய எண்ணந்தான், ஆனால் பல்லாயிரம் முறை பிழையின்றிச் செய்ய வேண்டிய வேலை.

2014 ஆம் ஆண்டில் இரு குழுவினர் தனித்தனியே ஒரே விடையை அடைந்தனர். ஒன்று ஜேர்மனியின் பெர்லின் நகரில் தோமஸ் ஜென்ட்ஸ் என்பவரின் குழு. மற்றையது கலிபோர்ணியாவில் ஆர்டெம் பட்டபூட்டியன் என்பவரின் குழு. பட்டபூட்டியன் லெபனானின் பேரூத் நகரிற் பிறந்த ஆர்மீனியர். தொடுகையுணர்ச்சி பற்றிய ஆராய்ச்சிக்காகப் பின்னர் 2021 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். இவ்விரு குழுவினரும் கண்ட புரதத்தின் பெயர் எல்.ஆர்.ஆர்.சி. 8-ஏ. பட்டபூட்டியன் குழுவினர் வீக்கத்தைக் குறிக்கும் சொல்லைக்கொண்டு அதற்கு 'சுவெல்-1' எனவும் பெயரிட்டனர்.

இப்பரம்பரை அலகு முற்றிலும் புதியதன்று. நோயெதிர்ப்புப் புரதங்களை ஆக்கும் வெண்குழியங்கள் இல்லாதிருந்த ஓர் இளம் பெண்ணிடம் இது பழுதுற்றிருந்ததை, 2003 ஆம் ஆண்டிலேயே யப்பானிய ஆராய்ச்சியாளர் அறிவித்திருந்தனர். பெயர் தெரிந்திருந்தது, தொழில் தெரியவில்லை. பதினோராண்டுகளின் பின்னரே அது கலத்தின் வாயில் என விளங்கியது. இதனை முற்றாக நீக்கிய சுண்டெலிகள் பல, பிறக்குமுன்னரோ பிறந்த சிறிது காலத்துள்ளோ இறந்துவிடுகின்றன. அவ்வளவுக்கு இன்றியமையாத வாயில் இது.

எல்.ஆர்.ஆர்.சி. 8 என்பது ஐந்து உடன்பிறப்புக்களைக் கொண்ட குடும்பம். ஏ என்னும் மூத்தது இல்லாமல் வாயில் அமையாது. ஆனால் அது மட்டும் தனித்து நின்றாலும் கலத்தில் வழக்கமான ஓட்டம் உண்டாவதில்லை. மற்றைய நால்வருள் ஒருவரேனும் உடன் சேர வேண்டும். 2018 ஆம் ஆண்டில், உறைநிலையிலே படமெடுக்கும் இலத்திரன் நுணுக்குக்காட்டியைக் கொண்டு, இப்புரதங்கள் ஆறு ஒன்றுசேர்ந்து, நடுவே ஒரு துளையை விட்டு வட்டமாக நிற்பதைக் கண்டனர். கலம் வீங்கியதை இவ்வாயில் எங்ஙனம் உணர்கிறது என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. உட்புகுந்த நீரால் உள்ளிருக்கும் அயன்களின் செறிவு தணிவது ஒரு முக்கிய அறிகுறியாக இருக்கலாம் எனச் சோதனைகள் காட்டுகின்றன.

மண்டையோட்டினுள் இடமில்லை

இத்தனை நுட்பமான ஆராய்ச்சியால் நமது குடும்பங்களுக்கு என்ன பயன் என்று வாசகர் கேட்கலாம். முதியோர் ஒருவர் சில நாட்களாக மயங்கியவர் போல இருக்கிறார். சொன்னதையே திரும்பச் சொல்கிறார். மருத்துவமனைக்குக் கொண்டு சென்றால், 'உடம்பில் உப்புக் குறைந்துவிட்டது' என்கின்றனர். இன்று பல குடும்பங்களுக்குப் பழக்கமான செய்தி இது. உண்மையிற் குறைந்திருப்பது குருதியிலுள்ள சோடியத்தின் செறிவு. அது சாதாரணமாக இலீற்றருக்கு 135 முதல் 145 மில்லிமூல் வரை இருக்க வேண்டும். சிறுநீரைப் பெருக்கும் குளிகைகள், சில நோய்கள், அளவு கடந்த நீர் முதலியவற்றால் அது தாழக்கூடும்.

உடலின் மற்றைய உறுப்புக்கள் சிறிது வீங்கினாற் பெருங்கேடில்லை. மூளையோ கடினமான மண்டையோட்டினுள்ளே அடைபட்டிருப்பது. அது வீங்குவதற்கு அங்கே இடமில்லை. ஒரு சில மணி நேரத்துள் சோடியம் வேகமாகத் தாழ்ந்தால், தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு என ஒன்றன்பின் ஒன்றாக வந்து, உயிருக்கே ஆபத்து நேரலாம். தாகமில்லாத போதும் வழியெங்கும் நீர் குடித்துக்கொண்டு நெடுந்தூரம் ஓடுவோருக்கும் இவ்வாபத்து உண்டு. 2002 ஆம் ஆண்டு பொஸ்ரன் மரதனோட்டத்திற் பங்குபற்றிய 488 பேரின் குருதியைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு 13 பேரிடம் சோடியம் குறைந்திருந்தது. மூவரிடம் அது ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

ஆனால் சோடியம் சில நாட்களாக மெல்லத் தாழ்ந்திருந்தால் நிலைமை வேறு. மூளைக் கலங்கள் அதற்கிடையில் தமது வாயில்களைத் திறந்து, முதலிற் பொற்றாசியத்தையும் குளோரைட்டையும், பின்னர் தோரீன் போன்ற சேதனப் பொருட்களையும் வெளியேற்றி, வீக்கத்தைத் தணித்துக்கொள்கின்றன. இரண்டு நாட்களளவில் இந்த இசைவு பெரும்பாலும் நிறைவுறுகிறது. நோயாளி சோர்ந்திருப்பார், ஆனால் மூளை ஏறக்குறையத் தன் பழைய அளவில் இருக்கும்.

இங்கேதான் சுற்றத்தார் விளங்கிக்கொள்ள வேண்டிய செய்தி இருக்கிறது. 'குறைந்தது உப்புத்தானே, ஒரே நாளில் ஏற்றிவிட்டால் என்ன? ஏன் இவர்கள் இத்தனை நாளாகத் துளித்துளியாகப் பார்க்கிறார்கள்?' என்று கட்டிலருகே நின்று மனம் பொறாமல் பேசுவது இயல்பே. ஆனால் தன் பொருட்களை வெளியேற்றி இசைந்துவிட்ட மூளைக் கலத்தைச் சூழ, திடீரென உப்பை உயர்த்தினால் என்ன ஆகும்? சாடியிலிட்ட எலுமிச்சங்காய்க்கு ஆனதே ஆகும். கலத்திலிருந்து நீர் வெளியே இழுக்கப்படும், அது சுருங்கும். வெளியேற்றிய பொருட்களைத் திரும்பச் சேர்க்கக் கலத்திற்குப் பல நாட்கள் வேண்டும். அதற்குள் நரம்புகளைப் போர்த்தியுள்ள கொழுப்புறை சிதைவுற்று, பேச்சும் விழுங்குதலும் கைகால் அசைவும் கெடக்கூடும். இந்நோயை 1959 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் மூவர் முதன்முதல் விவரித்தனர். உப்பை விரைந்து உயர்த்துவதோடு அதற்குள்ள தொடர்பு பின்னரே தெளிவாயிற்று.

ஆதலால், பல நாட்களாகத் தாழ்ந்திருந்த சோடியத்தை, 24 மணி நேரத்தில் 8 முதல் 10 மில்லிமூலுக்கு மேல் உயராதவாறு மருத்துவர் பொதுவாகப் பார்த்துக்கொள்கின்றனர். வலிப்பு முதலிய ஆபத்துக் குறிகள் தோன்றுமிடத்து, செறிந்த உப்புக் கரைசலைச் சிறிதளவு விரைந்து செலுத்துவதும் உண்டு. எது எப்போது வேண்டும் என்பதை அடிக்கடி குருதியைப் பரிசோதித்து அவர்களே முடிவு செய்வர். அந்த மெதுவான நடை அசட்டையினால் வந்ததன்று. கலங்களுக்கு அவகாசம் கொடுக்க வேண்டும் என்பதனால் வந்தது. வீட்டிலே உப்பை அள்ளிக் கரைத்துக் கொடுப்பதும், குளிகையைத் தாமாகவே நிறுத்துவதும், தாகமில்லாதவரை வற்புறுத்தி நீர் குடிக்கச் செய்வதும் தவிர்க்க வேண்டியவை.

நன்மையும் தீமையும் ஒரே வாயிலால்

உயிரைக் காக்கும் இதே வாயில் சிலவேளை கேடும் செய்வதுண்டு. பாரிசவாதத்தில் மூளையின் ஒரு பகுதிக்குக் குருதி கிடைக்காதபோது, நரம்புக் கலங்களுக்குத் துணையாயுள்ள நட்சத்திர வடிவான கலங்கள் வீங்குகின்றன. அவற்றின் வாயில்கள் திறந்து, குளோரைட்டோடு குளூட்டமேற்று என்னும் பொருளும் வெளியே கொட்டுகிறது. அளவோடு இருந்தால் நரம்புகளுக்குச் செய்தி கூறும் இப்பொருள், அளவு மிஞ்சினால் அவற்றையே கொன்றுவிடும். 2019 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றிலே, அத்துணைக் கலங்களில் மட்டும் எல்.ஆர்.ஆர்.சி. 8-ஏ நீக்கப்பட்ட சுண்டெலிகளுக்குப் பாரிசவாதத்தால் வரும் மூளைச் சேதம் குறைந்திருந்தது. மனிதருக்கு இதனால் மருந்து கிடைக்குமா என்பது இனித்தான் அறியப்பட வேண்டும்.

புற்றுநோய்க்கு வழங்கும் மருந்துகளுள் சிஸ்பிளாற்றின் என்பது ஒன்று. அது கலத்தினுள்ளே செல்லும் வழிகளில் இவ்வாயிலும் ஒன்று என்பதை 2015 ஆம் ஆண்டில் ஜென்ட்ஸ் குழுவினர் கண்டனர். வாயிலின் இரு உறுப்புக்களாகிய ஏ, டி என்பவற்றை இழந்த கலங்களுள் மருந்து குறைவாகவே புகுந்தது. அக்கலங்கள் மருந்துக்கு எளிதில் இறக்கவுமில்லை. சில புற்றுநோய்கள் அம்மருந்துக்கு ஏன் பணிவதில்லை என்ற வினாவுக்கு இது ஒரு பகுதி விடையாகலாம்.

மாணவர்கள் இக்கதையில் ஒன்றைக் கருத்திற் கொள்ள வேண்டும் என்பது நமது விருப்பம். டொனன் தம் சமன்பாடுகளை எழுதியபோது மூளை நோயாளிகளை எண்ணியிருக்கவில்லை. ஸ்கோ நண்டின் நரம்பை அரைத்தபோது மரதனோட்டக்காரரை எண்ணியிருக்கவில்லை. ஹொப்மன் அம்மையார் பருத்த கலம் மீண்டும் சிறுப்பதைக் கண்டு, அது ஏன் என்று வினவினார், அவ்வளவே. அவ்வினாக்களைத் தொடர்ந்து சென்றவர்களாலேதான், இன்று ஒரு மருத்துவர் நோயாளியின் கட்டிலருகே நின்று, 'அவசரப்பட வேண்டாம், நாளைக்கும் பரிசோதிப்போம்' என்று காரணத்தோடு சொல்ல முடிகிறது. அச்சொல்லைக் கேட்கும்போது, அந்தத் தலைக்குள்ளே கோடிக்கணக்கான சிறு வாயில்கள் தம் அளவறிந்து திறந்தும் மூடியும் வேலை செய்கின்றன என்பதை நாம் நினைவுகூர்ந்து, பொறுத்திருப்போமாக.